நடுப்பகுதி

மாமனார் பியானோவை எடுத்துப் போக வருகிற நாளில் முத்துசெல்வம் வேலைக்கு லீவு போட்டிருந்தான்.

மனைவி பிரித்திகாவின் முதல் வருஷத் தலைத்திவசம் போன வாரம்தான் முடிந்தது. பிள்ளை இல்லாமல் போனவளின் சீர், திவசம் கழிந்ததும் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் குடும்பத்து வழக்கம். நகை, பீரோ, பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் முதலிலேயே போய்விட்டன. பியானோ ஒன்றுதான் மிச்சம். மரப்பெட்டி மாதிரி சுவரோரம் நின்றது. கரண்டில் ஓடுகிற டிஜிட்டல் பியானோ. அவள் போன பிறகு அதன் பிளக்கை யாரும் பிடுங்கவில்லை.

மாமனார் அதற்காக மட்டும் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஏற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்பார். காரியத்தன்று கேட்டார். பிறகு போனில் பல தடவை கேட்டார். "மாப்ள, ஒங்களுக்குள்ள ஒண்ணும் இல்லையே?"

ஒவ்வொரு தடவையும் அவன் "இல்ல மாமா" என்றான். பொய் சொல்லவில்லை. ஆனால் அது உண்மைதானா என்று அவனுக்கே நிச்சயம் இல்லை. வருஷம் முழுக்க அந்த ஒன்றுதான் அவனைச் சாப்பிட விடாமல் வைத்திருந்தது. அழுகைகூட வரவில்லை. எதற்காக அழ வேண்டும் என்பது தெரிந்தால் அல்லவா அழலாம்.

அவள் செத்துப்போனது போன வருஷம் கார்த்திகையில். நாகலாபுரத்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ப் பியானோ சொல்லிக் கொடுத்துவிட்டு பிரித்திகா ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். தார் ரோட்டை விட்டுக் குறுக்கே காட்டுப்பாதையில் இறங்கிவிட்டாள். முதல் நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் மண் அப்பிக்கொண்டு வண்டி நகரவில்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தாள். பை கொக்கியில் தொங்கியது. பாதையை ஒட்டிய மிளகாய்ப் புஞ்சையில் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு. கிணற்றங்கரையில் அவளுடைய செருப்பு, ஜோடியாக.

கரிசலில் மழைக்குப் பிறகு செருப்போடு யாரும் நடப்பதில்லை. மண் செருப்பைக் கவ்விக்கொள்ளும், அறுத்துக்கொண்டுதான் விடும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். சக்கரத்து மண்ணைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள், கையில் இருந்த செருப்பைக் கரையில் வைத்தாள், குனிந்தாள், ஈரக் கரை சரிந்தது. ஊர் இப்படித்தான் சொன்னது. போலீசும் இப்படித்தான் எழுதியது. மாமனார் செண்பகராஜ் தூத்துக்குடிக்காரர். அங்கே மழை பெய்தால் மணல் இறுகிக் கொடுக்கும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கிணற்றங்கரையில் ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்புக்கு அவர் கேள்விப்பட்ட அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

கரிசல் மண்ணைப் பற்றி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது முத்துசெல்வம். அதனால் அந்தச் செருப்பு அவனுக்கு எதையும் சொல்லவில்லை. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். சண்டை இல்லை, கடன் இல்லை, மாமியார் தொல்லை இல்லை. சாயங்காலம் ஆனால் அவள் பியானோ முன்னால் உட்கார்ந்து மெதுவாக ஒன்றை வாசிப்பாள். அவன், ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலையில் கணக்கு எழுதிவிட்டு வந்து, மிஷின் சத்தம் காதுக்குள் அடங்குகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். வீடு அமைதியாக இருந்தது. அவனிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

மணி பத்து இருக்கும். படியில் மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே ராதாமணி வந்தாள். சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவரின் மனைவி. மகளுக்காகப் பிரித்திகாவிடம் ஏற்பாடு செய்த பியானோ வகுப்பில் மகள் மூன்று மாதத்தில் நின்றுவிட, கட்டின பீஸ் வீணாகக் கூடாது என்று தானே வந்து உட்கார்ந்தவள். இப்போது ஆறாவது கிரேடு வரைக்கும் வந்துவிட்டாள். அடுத்த மாதம் மதுரையில் பரீட்சை.

"என்ன தம்பி, மாடிய இன்னும் கொஞ்சம் ஒசரத்துல கட்டியிருக்கக் கூடாதா? வானம் தட்டுதான்னு பாத்திருக்கலாம்லா?"

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்காந்தா எந்திரிக்க நேரமாவும். எப்ப வாராவ ஒங்க மாமனாரு?"

"பதினோரு மணிக்கு மேல ஆவும்."

"அப்ப ரெண்டு தடவ வாசிச்சிரலாம். எங்க வீட்டுக் கீபோர்டு சின்னது, எடது ஓரத்து அடிக்கட்டையே கெடையாது தம்பி. எடது கை பாட்டுக்கு மேசைய அடிச்சிட்டு வருது." புத்தகத்தை விரித்துவைத்து, கழுத்துச் சங்கிலியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். "போன தடவ பரீட்சைக்குப் போனேன்லா, வாசல்ல நின்ன பிள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஆன்ட்டி, பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய உக்காருங்க'ங்கு. ஏட்டி, நாந்தான் பரீட்சை எழுதப் போறவன்னேன். அது சிரிச்ச சிரிப்புல எனக்குப் பாதி மறந்துபோச்சு."

அவன் சிரிக்க முயன்றான். டீ போட அடுப்படிக்குப் போனான்.

அவள் ஆரம்பித்தாள். அவனுக்குத் தெரிந்த அதே மெதுவான பகுதி. ஏதோ ஒரு சொனாட்டாவின் இரண்டாவது பகுதி என்று பிரித்திகா ஒருமுறை சொன்னாள். வலது கை ஒவ்வொரு சுரமாக எடுத்து, அவசரமே இல்லாமல், கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். இடது கை அதைத் தாங்கிக்கொண்டு கூட வரும். ராதாமணி வாசிக்கையில் இடையிடையே தட்டியது. ஆனாலும் பாட்டு அதுதான். அவன் கண்ணை மூடவில்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பகுதி முடிகிற இடம் வந்தது. இங்கே நிற்கும். பிரித்திகா கொஞ்சம் பொறுத்துத் திரும்ப முதலிலிருந்து எடுப்பாள்.

நிற்கவில்லை.

இடது கை திடீரென்று கீழே இறங்கி ஒரே சுரத்தை அடிக்க ஆரம்பித்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி, விடாமல். அதற்கு மேலே வலது கை எங்கோ போக முயன்று, முடியாமல் திரும்பி, இன்னொரு பக்கம் போனது. சுரமே கறுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

"அக்கா, இது என்ன? வேற பாட்டா?"

ராதாமணி கையை எடுத்தாள். "நல்லா கேட்டிய. அவ்வளவு மோசமாவா வாசிக்குதேன்? ஒரே பாட்டுதான் தம்பி. நடுவுல வாரது இது."

"இத அவ வாசிச்சு நான் கேட்டதே இல்லை."

"வெளையாடாதிய. டீச்சர் இந்த நடுப்பகுதியத்தான போட்டுப் போட்டு எடுப்பாவ. நான் மத்தியானம் வந்தா இதுதான் ஓடிட்டிருக்கும். படியேறும்போதே கேக்கும்."

"சாயங்காலம் மெதுவானது மட்டுந்தான் வாசிப்பா. முடிச்சிட்டு..."

முடித்துவிட்டு என்ன செய்வாள் என்று சொல்லப் போனவன் அப்படியே நின்றான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், தலை வெடிக்கிறது என்று வந்து படுத்தவன், அந்த மெதுவானதை மட்டும் வாசி, மற்றதெல்லாம் மிஷின் மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தான். அவள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மெதுவான பகுதி முடிந்ததும் ஹெட்போனை எடுத்துச் செருகிக்கொள்வாள். பியானோவின் சத்தம் அவள் காதுக்குள் போய்விடும். அறையில் கட்டைகளின் 'டொக் டொக்' மட்டும் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துச் செருகியதைப் பிடுங்குவாள். மெதுவான பகுதி மறுபடி முதலிலிருந்து கேட்கும். பிள்ளைகளுக்கான பாடத்தைச் சரிபார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். முகம் சுவர்ப் பக்கம் இருக்கும். அவன் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

இதே அறையில். ஒவ்வொரு சாயங்காலமும்.

"தம்பி, டீ என்னாச்சு?"

"அக்கா, இத அவ எப்படி வாசிப்பா? கோவமாவா?"

ராதாமணி அவன் முகத்தைப் பார்த்தாள். பேச்சின் துள்ளல் போய்விட்டது.

"கோவம்னு சொல்ல முடியாது. நான் கோவமாக் குத்துனா கையில ஒரு தட்டு தட்டிருவாவ. 'அக்கா, யாரோடயும் சண்ட போடாதிய'ன்னு. சரின்னு பைய வாசிச்சா, 'பயந்து ஓடாதிய'ம்பாவ."

"அப்ப எப்படி வாசிக்கணுமாம்?"

"வாசிச்சுக் காட்டுவாவ. அது நமக்கு வரணும்லா." புத்தகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பரீட்சையில கேப்பாவ தம்பி. வாசிச்சு முடிச்ச ஒடனே, இந்தப் பாட்டோட கொணம் என்ன, மூடு என்னன்னு. சோகமா, சந்தோசமா, கம்பீரமான்னு ஏதாச்சும் சொல்லணும். மத்த பாட்டுக்கெல்லாம் டீச்சர் ஒத்த வார்த்தைல சொல்லித் தந்தாவ. இதுக்கு மட்டும் தரல. 'எனக்கே தெரியலக்கா. யோசிச்சுச் சொல்லுதேன்'னாவ."

"எப்ப?"

"அவிய போறதுக்கு முந்தின வாரம்."

"சொல்லும்போது எப்படி இருந்தா?"

"எப்படி இருந்தாவ... சாதாரணமாத்தான். சிரிச்சாவ. சிரிச்ச மாதிரிதான் எனக்கு நெனப்பு. நான் புத்தகத்தப் பாத்துட்டிருந்தேன் தம்பி."

அவன் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு அவன் சொன்னான்: "அந்த நடுவுல உள்ளத இன்னொரு தடவ வாசிங்க."

அவள் வாசித்தாள். தப்பும் தவறுமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு பியானோவின் பக்கவாட்டில் உட்கார்ந்தான். அங்கேயிருந்து பார்த்தால் வாசிப்பவரின் முகம் தெரிந்தது.

கீழே வண்டி நின்ற சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. செண்பகராஜ் வாசலில் வந்து நின்றபோது ஆலங்கட்டி உச்சத்தில் இருந்தது. வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார். தூத்துக்குடியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். உரக்கப் பேசியே பழகினவர். அவர் அப்படிச் சத்தமில்லாமல் நின்று முத்துசெல்வம் பார்த்ததில்லை.

ராதாமணி பார்த்துவிட்டாள். கை நின்றது.

"வாங்க மாமா" என்று முத்துசெல்வம் எழுந்தான்.

"யாரு இது? என்னது, இந்தப் போடு போடுதாவ?"

"ஒங்க மக சொல்லிக் குடுத்ததுதான் அண்ணாச்சி" என்றாள் ராதாமணி. "பரீட்சைக்கு."

"எம் மகளா? அவ வாசிக்கத நான் போன்ல கேட்டிருக்கேன். பாந்தமா இருக்கும். இது என்னமோ வீட்டுக்குள்ள எதையோ போட்டு ஒடைக்க மாதிரில்லா இருக்கு."

"அந்தப் பாந்தமானதும் இதுலதான் அண்ணாச்சி இருக்கு. முன்னாடி அது. நடுவுல இது."

செண்பகராஜ் மருமகனிடம் திரும்பினார். "இத தெனமும் வாசிச்சாளா?"

"வாசிச்சா மாமா."

"நீங்க கேட்டுட்டா இருந்திய?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் இது ஒரு பாட்டு, அவ்வளவுதான் என்று முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல மாமா. இன்னைக்குத்தான் கேக்கேன்."

"அது எப்படி? ஒரே வீட்டுலதான இருந்திய?"

அவன் சொன்னான். தலைவலியைச் சொன்னான். ஹெட்போனைச் சொன்னான். சுவர்ப் பக்கம் இருந்த முகத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல மாமனார் ஒவ்வொரு அடியாக உள்ளே வந்தார்.

"அப்ப ஒங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு என்கிட்ட எப்படிச் சொன்னிய? ஒரு வருசமா அதத்தான சொன்னிய?"

"தெரியாமத்தான் சொன்னேன் மாமா. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல. எனக்கு என்ன தெரியும்னு எனக்கே தெரியல. அவ தவறி விழுந்தாளா, என்னன்னு... எனக்குத் தெரியாது."

மாமனார் கையில் பிடித்திருந்த வேட்டி நுனியை விட்டார்.

"தெரியாது" என்றார் செண்பகராஜ். "கூட இருந்தவருக்கே தெரியாது." கையை ஓங்கவில்லை. ஓங்குவார் என்றுதான் முத்துசெல்வம் நின்றான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "நீங்க இல்ல இல்லன்னு சொல்லும்போதெல்லாம் இவன் எதையோ மறைக்கான்னுதான்யா நெனச்சேன். என்னத்தையாவது மறைச்சிருந்தாக்கூடத் தேவலையே. இனி நான் யாருட்ட போய்க் கேப்பேன்?"

கீழேயிருந்து வண்டி டிரைவரின் குரல் வந்தது. "மொதலாளி, பெட்டி எறங்குதா, நான் ஒரு எட்டு டீக்கடைக்குப் போயிட்டு வரவா? வண்டிய வெயில்ல போட்டிருக்கேன், சீட்டு தோச சுடுது."

"ஏலே சுடலைமணி, வாய மூடிட்டு நில்லுல" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். பிறகு ராதாமணியைப் பார்த்தார். "அம்மா, அது முடிஞ்சிட்டா?"

"எது அண்ணாச்சி?"

"பாட்டு."

"இல்ல. நடுவுலல்லா நீங்க வந்திய. இன்னும் முடிவு இருக்கு."

"வாசிங்க. எம் மக எதுல கொண்டுபோய் விட்டான்னு நானும் கேக்கேன்."

ராதாமணி சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் பயந்திருக்க மாட்டாள். ஆலங்கட்டியை முதலிலிருந்து எடுத்தாள். அது உச்சிக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அந்த மெதுவான பாட்டு திரும்பி வந்தது. அதே சுரங்கள், அதே அவசரமின்மை. முத்துசெல்வம் மூச்சை விட்டான். ஆனால் இடது கை அடங்கவில்லை. நடுப்பகுதியில் அடித்த அதே சுரத்தை இப்போது மெல்ல, அடியில், நடுங்குகிற மாதிரி அடித்துக்கொண்டே வந்தது. மேலே பாட்டு அதைக் கேட்காதது போல நடந்தது. கேட்டும் நடந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் ராதாமணி தப்பாக அடித்து, "அய்ய" என்று சொல்லிவிட்டுத் திரும்ப எடுத்தாள். கடைசியில் இரண்டு கையும் சேர்ந்து ஒரு சுரத்தில் நின்றன. அந்தச் சுரம் தேய்ந்து போகிற வரைக்கும் அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இது நல்லதா முடிஞ்சிருக்கா, கெட்டதா முடிஞ்சிருக்கா?" என்று கேட்டார் செண்பகராஜ்.

"அதத்தான் அண்ணாச்சி எனக்குப் பரீட்சையிலயும் கேப்பாவ."

"நீங்க என்ன சொல்லப் போறிய?"

"ஒண்ணும் தோணல. மார்க்கு போனா போவுது."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. முகத்தைத் துண்டில் அழுத்தித் துடைத்தார். எழுவதற்கு முத்துசெல்வம் கை கொடுத்தான். அவர் பிடித்துக்கொண்டார்.

பியானோவை இறக்கும்போது படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. சுடலைமணி கீழ்ப் பக்கம், மாமனாரும் மருமகனும் மேல் பக்கம். "அண்ணாச்சி, ஒங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க. பொண்ணு வீட்டுப் பொருளுன்னு கீழ போட்டுராதிய" என்று முத்துசெல்வத்தைப் பார்த்துச் சுடலைமணி வாய் ஓயாமல் பேசினான். யாரும் அவனை அதட்டவில்லை. ராதாமணி முன்னால் இறங்கி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாடா ஏஸில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். "இனி மதுரையில போய்த்தான் அந்த அடிக்கட்டைய நான் தொடணும்" என்று சொல்லிவிட்டு, பையை அணைத்துக்கொண்டு அவள் ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

செண்பகராஜ் முன் சீட்டில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கினார்.

"மாப்ள, நீங்களும் வாங்க."

"நானா?"

"அத்த என்னைப் போட்டுத்தான் தெனமும் கேக்கா. என்ன சொன்னாவ, என்ன சொன்னாவன்னு. நீங்க சொன்ன 'இல்ல'யத்தான் நான் கொண்டுபோய்க் குடுப்பேன். அவ நம்ப மாட்டா. இன்னைக்குச் சொன்னத என்னால கொண்டுபோவ முடியாது. நீங்களே வந்து சொல்லிருங்க."

"அத்த தாங்குவாவளா மாமா?"

"தாங்க மாட்டா. அடிச்சாலும் அடிப்பா."

முத்துசெல்வம் மேலே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டைப் பூட்டினான். முன் சீட்டில் மூன்று பேருக்கு இடம் இல்லை. பின்னால் ஏறி, தார்ப்பாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல். இந்த வருஷம் மழை இன்னும் இறங்கவில்லை. காடு முழுக்க வெடிப்பு. என்ன சொல்ல வேண்டும் என்று அவன் வாய்க்குள் கோத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை.

தூத்துக்குடி வீட்டில் மாமியார் சுந்தரம்மாள் வாசலில் நின்றிருந்தாள். வண்டி நின்றதும் பியானோவைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில் புழுதியோடு உட்கார்ந்திருந்தவனை. இந்த வீட்டு வாசலுக்கு அவன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வரத் தெரிஞ்சுதா ஒங்களுக்கு?" என்றாள்.

அவன் இறங்கினான். கால் மரத்துப் போயிருந்தது. செண்பகராஜ் முன் சீட்டை விட்டு இறங்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த, நான் இவ்வளவு நாளும் சொன்னது தப்பு. அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல."

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வாளியோடு வெளியே வந்து, நின்று பார்த்தாள். சுந்தரம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனை உற்றுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"தெருவுல நின்னு சொல்லாதிய" என்றாள் கடைசியில். "உள்ள வந்து சொல்லுங்க. மொதல்லேருந்து சொல்லுங்க."